ஸ்வாப்பை மிரர் செய்தால் க்ராஷ் டம்ப் எங்கே போகும்?

இரண்டு டிஸ்க் உள்ள ஃப்ரீபிஎஸ்டி (யூனிக்ஸ் வகை ஓஎஸ்) சர்வரில் டேட்டாவை எல்லோரும் மிரர் செய்கிறோம், அதாவது இரண்டிலும் ஒரே பிரதியை வைக்கிறோம். ஸ்வாப் (நினைவகம் போதாதபோது அதன் பக்கங்களை எழுதிவைக்கும் டிஸ்க் இடம்) என்று வந்தால் மட்டும் "தற்காலிகம்தானே" என்று விட்டுவிடுகிறோம்.

டிஸ்க்குக்கு ஒன்றாகத் தனித்தனி ஸ்வாப் வைத்தால் இடம் இரட்டிப்பு. கெர்னல் (ஓஎஸ்ஸின் மையப்பகுதி) இரண்டிலும் மாற்றி மாற்றி எழுதுவதால் வேகமும் உண்டு. ஆனால் ஒரு டிஸ்க் போனால் அதிலிருந்த பக்கங்களும் போயின. டேட்டா பத்திரமாக இருந்தும் டேட்டாபேஸ் ப்ராசஸ் சாகும், சில நேரம் மெஷினே விழும். அதனால் என் ஓட்டு ஸ்வாப்பையும் மிரர் செய்யும் ஜிமிரருக்கு (ஃப்ரீபிஎஸ்டியின் மிரர் கருவி).

சிக்கல் க்ராஷ் டம்ப்பில்தான், அதாவது கெர்னல் விழும்போது காரணம் தேடுவதற்காக டிஸ்க்கில் எழுதிவைக்கும் நினைவக நகலில். பேனிக் ஆன (மீள முடியாத பிழையால் நின்றுவிட்ட) கெர்னலில் மிரரை நடத்தும் த்ரெட் ஓடாது. டம்ப் ஒரே டிஸ்க்கில், முன்னுரிமை அதிகமுள்ளதில் மட்டும் இறங்கும். ரீபூட்டுக்குப் பின் டம்ப்பை ஃபைலாக எடுத்துவைக்கும் சேவ்கோர் படிப்பதோ மிரர் வழியாக. இயல்பான 'லோட்' முறையில் ஒரு வாசிப்பு இந்த டிஸ்க்குக்கும் அடுத்தது அந்த டிஸ்க்குக்கும் போகலாம். டம்ப்பின் இரு முனைகளிலும் ஒரே ஹெடர் இருக்க வேண்டும். ஒன்று புதியது, மற்றது பழைய குப்பை என்றால் இரண்டும் ஒத்துப்போகவில்லை என்று சேவ்கோர் கைவிரித்துவிடும். முறையை 'ப்ரிஃபர்' என்று மாற்றினால் எழுதிய டிஸ்க்கிலிருந்தே படிக்கும். வாசிப்பு வேகம் குறையும், ஸ்வாப்புக்கு அது பெரிய இழப்பில்லை. க்ராஷுக்குப் பின் இரு டிஸ்க்கையும் சமப்படுத்தும் ஒத்திசைவையும் நிறுத்திவிடலாம். பூட் ஆனதும் பழைய ஸ்வாப் யாருக்கும் வேண்டாம்.

இன்னொரு வழி, மிரருக்கு வெளியே டம்ப்புக்கென்றே தனிப் பார்ட்டிஷன். ஸ்வாப் அதன்மேல் எழுதிவிடும் பயமே இல்லை. (ஸ்வாப்பில் போடும்போதும் டம்ப் கடைசிப் பகுதியில்தான் உட்காரும், தப்பிக்க வாய்ப்பு அதிகம்.) ஆனால் டம்ப் எங்கே போகும் என்று சொல்லும் டம்ப்டெவ் அமைப்பை 'ஆட்டோ' என்று விடக் கூடாது, அது எஃப்எஸ்டேபில் (டிஸ்க் பட்டியல் ஃபைல்) முதலில் உள்ள ஸ்வாப்பைப் பிடித்துக்கொள்ளும். பேனிக்குக்குக் காரணமே அந்த டிஸ்க் செத்தது என்றால் இந்த வழியும் உதவாது. அதற்கு டம்ப்பை நெட்வொர்க் வழியாக வேறு மெஷினுக்கு அனுப்பும் நெட்டம்ப் ஃப்ரீபிஎஸ்டி 12ஆம் பதிப்பிலிருந்து இருக்கிறது, நெட்வொர்க் கார்டின் டிரைவர் ஒத்துழைத்தால்.

இசட்வால்மேல் (இசட்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டம் தரும் மெய்நிகர் டிஸ்க்) ஸ்வாப்? வேண்டாம். நினைவகம் நெருக்கடியில் இருக்கும்போது இசட்எஃப்எஸ்ஸுக்கே நினைவகம் தேவைப்பட்டு மெஷின் உறைந்துபோகலாம்.

இடம் இருந்தால் நான் மிரர் ஸ்வாப், தனி டம்ப் பார்ட்டிஷன் இரண்டும் வைப்பேன்; இல்லையென்றால் ப்ரிஃபர். எதை வைத்தாலும் சர்வர் வேலைக்குப் போகும் முன் ஒருமுறை வேண்டுமென்றே பேனிக் செய்து, /var/crash டைரக்டரியில் விஎம்கோர் (சேவ்கோர் எடுத்துவைத்த டம்ப் ஃபைல்) வந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.