ஊர் லீவில் ஒரு நாய்க்கடியும் ஒரு கதண்டுக் கூடும்

லண்டனிலிருந்து காரைக்குடிப் பக்கம் குடும்பத்தோடு போகிறவர்கள் பாரசிட்டமால், கொசுக்கடிக் களிம்பு எல்லாம் மறக்காமல் எடுத்து வைப்பார்கள். தெருநாயை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. இந்தக் கோடை லீவில் என் மகனை ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கெண்டைக்காலில் நாய் கடித்துவிட்டது. பல் பதிந்து ரத்தம் வந்தது.

அப்பத்தா சுண்ணாம்பு டப்பாவைத் தேட ஆரம்பித்துவிட்டார். பக்கத்து வீட்டு அக்கா மிளகாய்ப்பொடியை வைத்துக் கட்டச் சொன்னார். என் மனைவி இரண்டு பேருக்கும், "முதல்ல கழுவிடுறேன், அப்புறம் பாத்துக்கலாம்" என்று சொல்லி, அவனைக் குழாயடிக்கு இழுத்துப் போனார். குளியல் சோப்பு, ஓடும் தண்ணீர், கடிகாரத்தைப் பார்த்துக் கால் மணி நேரம். வெறிநாய்க் கிருமியின் மேலுறை கொழுப்பால் ஆனது; சோப்பு அதைக் குலைத்துவிடும். நாய்க்கடிக்கு வீட்டில் செய்யக்கூடிய வைத்தியம் என்றால் அதுதான். சுண்ணாம்பும் மிளகாயும் புண்ணைப் பொசுக்குமே தவிர வேறு பிரயோஜனமில்லை.

டவுனில் முதலில் கண்ணில்பட்டது ஒரு தனியார் கிளினிக். டி.டி. ஊசி போட்டு, "ரெண்டு தையல் போட்டுடலாம், வெறிநாய் ஊசிக்கு நாளைக்கு வாங்க" என்றார்கள். இரண்டுமே தப்பு. வெறிநாய் ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது. நாய் கடித்த புண்ணை உடனே தைத்தால் கிருமியை நரம்புக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விடுவது போல ஆகும். ஃபீஸை மட்டும் கச்சிதமாக வாங்கிக்கொண்டார்கள். என் மைத்துனர், "அத்தான், பேசாம ஜி.எச்.சுக்குப் போயிருவோம்" என்றார்.

ஜி.எச். அவசரப் பிரிவில் இருந்த டாக்டர் அம்மாவுக்கு முப்பது வயதுகூட இருக்காது. புண்ணைப் பார்த்ததும் தையலும் வேண்டாம், கட்டும் வேண்டாம், திறந்தே இருக்கட்டும் என்றார். தோல் கிழிந்து ரத்தம் வந்த கடி மூன்றாம் வகை, அதாவது இருப்பதிலேயே தீவிரமானது. தடுப்பூசி உடம்பில் எதிர்ப்புச் சக்தியை உண்டாக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அதுவரை தாக்குப்பிடிக்க, தயாராக உள்ள எதிர்ப்பு மருந்தான இம்யூனோகுளோபுலினை எடைக்கு ஏற்றபடி கணக்கிட்டுப் புண்ணுக்குள்ளும் சுற்றியும் ஏற்ற வேண்டும். பையன் போட்ட கூச்சலில் வராந்தாவில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். தடுப்பூசி அதைவிடச் சுலபம்: இரண்டு கையிலும் தோலுக்குள் 0.1 மில்லி. பில் என்று ஒரு காகிதம்கூட இல்லை. குறை சொல்ல வேண்டுமென்றால், கடிபட்டு வருகிறவர்கள் புண்ணைக் கழுவும் இடத்தில் தண்ணீர் இருந்தது, சோப்பு இல்லை. பத்து ரூபாய் சோப்பு!

வீட்டுக்கு வந்ததும் அப்பத்தா கேட்ட முதல் கேள்வி, "தொப்புளைச் சுத்திப் போட்டாகளா?" அவர் காலத்து மருந்து ஆட்டு மூளையிலிருந்து எடுத்தது. 1907-இல் தொடங்கிய குன்னூர் பாஸ்டர் நிறுவனம் அதைப் பல காலம் தயாரித்தது. வயிற்றில் வரிசையாக ஊசி போடும் அந்த முறை இந்தியாவில் 2000-களின் நடுவில் ஒழிந்தது. பயம் மட்டும் ஒழியவில்லை. ஊரில் சிலர் இன்னும் அதற்காகவே ஆஸ்பத்திரிப் பக்கம் போவதில்லை.

மூன்றாம் நாள், ஏழாம் நாள் ஊசிகளை ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே போட்டுக்கொண்டோம். ஒரு குப்பி மருந்தைப் பலருக்குப் பிரித்துப் போடுவதால் நர்ஸ் சொல்லும் நேரத்துக்குப் போவது நல்லது. இருபத்தெட்டாம் நாள் லண்டனில். வெளிநாட்டிலிருந்து போகிறவர்கள் கவனிக்க வேண்டியது இங்கேதான்: மருந்தின் பெயர், பேட்ச் எண், தேதி, தோலுக்குள் போட்டதா தசையில் போட்டதா, இம்யூனோகுளோபுலின் கொடுத்தார்களா என்பதையெல்லாம் சீட்டில் எழுதி வாங்குங்கள். இங்கிலாந்தில் வழக்கமாகத் தசையில்தான் போடுவார்கள். கடிபட்டவருக்கான இந்த ஊசி என்.எச்.எஸ்.ஸிலும் இலவசம்.

அதே லீவில் தோப்புப் பனைமரத்தில் கதண்டு என்கிற விஷக் குளவி கூடு கட்டியிருந்தது. 101-க்குப் போன் செய்தோம். பூச்சி அடங்கட்டும், இருட்டிய பிறகு வருகிறோம் என்றார்கள். சொன்னபடி தீயணைப்பு வண்டி வந்து கூட்டை அழித்துவிட்டுப் போனது. ஒன்றிரண்டு கொட்டினால் கழுவி ஐஸ் ஒத்தடம் போதும். முகம் வீங்கினாலோ, மூச்சு இரைத்தாலோ, உடம்பெங்கும் கொட்டியிருந்தாலோ வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது. செந்தேள் கொட்டிய குழந்தைக்கு வியர்த்துக் கொட்டி, வாந்தி வந்து, கைகால் சில்லிட்டால் உடனே ஆஸ்பத்திரி. பிரசோசின் மாத்திரை அங்கே கொடுப்பார்கள். பாம்பு என்றால் கட்டுப் போடாமல், கீறாமல், கடிபட்ட காலை அசைக்காமல் 108.

பயணத்துக்கு முன்பே பிள்ளைகளுக்கு வெறிநாய்த் தடுப்பூசி போடலாமா என்று இப்போது நண்பர்கள் கேட்கிறார்கள். லண்டனில் அது காசு கொடுத்துப் போடுவது, மலிவில்லை. ஊரில் மாதக்கணக்கில் தங்குகிறவர்கள் போடலாம் என்பது என் அபிப்பிராயம். போட்டிருந்தாலும் கடித்தால் சோப்பு போட்டுக் கழுவ வேண்டும், அன்றைக்கு ஒன்றும் மூன்றாம் நாள் ஒன்றுமாக ஊசி உண்டு. புண்ணுக்குள் இம்யூனோகுளோபுலின் ஏற்றும் அந்த வலி மட்டும் இருக்காது.