ரோக் ஒன்: பாதி படம் சுமார், மீதி படம் தாறுமாறு

2016ல வந்த ரோக் ஒன்ங்கிற ஸ்டார் வார்ஸ் விண்வெளி படத்த பத்தி ரசிகருங்க சண்டை இன்னும் ஓயல, கடைசி அரை மணி நேரத்துக்காக மட்டும்தான் தூக்கி வெச்சு கொண்டாடுறீங்கன்னு ஒரு கோஷ்டி சொல்லுது, அதுல பாதி நியாயம் இருக்கு. முதல் பாதில கிரகம் கிரகமா தாவுறதுல ஹீரோயின் ஜின் எர்சோவோட மனசு ஒட்டவே முடியல. 1977ல வந்த முதல் ஸ்டார் வார்ஸ் படத்துல வில்லனா நடிச்சு, 1994லயே இறந்துபோன பீட்டர் குஷிங் முகத்த கிராபிக்ஸ்ல கொண்டுவந்தது சுத்தமா புடிக்கல, கண்ணு பொம்மை மாதிரி முழிக்குது. ஆனா ஸ்காரிஃப் கிரகத்துல நடக்குற அந்த கடைசி சண்டை இருக்கே, யப்பா! மாலத்தீவுல எடுத்த அந்த கடற்கரைல ஹீரோ கோஷ்டில ஒருத்தரையும் மிச்சம் வைக்கல, அந்த தைரியத்துக்கே படம் தேறிடுச்சு. 1977 படத்துல டெத் ஸ்டார்ங்கிற கிரகத்தையே அழிக்கிற ராட்சத விண்வெளி நிலையம் எப்படி அவ்ளோ ஈஸியா வெடிச்சுதுன்னு கேட்டவங்களுக்கும் பதில் வெச்சிருக்காங்க. வில்லன் டார்த் வேடரோட காரிடார் சண்டை சீன் ரசிகருங்கள குஷிப்படுத்த மட்டும் வெச்ச வெறும் ஃபேன் சர்வீஸாம், சொல்றவங்க சொல்லட்டும், நான் அத மட்டும் தனியா போட்டு பாப்பேன்.