ஏழு வாரம் நூல் போடாமல்: ஊர் லீவில் முகத்துக்கு லேசர்

மே 15-ம் தேதியோடு மஸ்கட்டில் திரெட்டிங் போவதை நிறுத்திவிட்டேன். ஊருக்கு டிக்கெட் ஜூலை 2. நடுவில் ஏழு வாரம். அந்த ஏழு வாரமும் ஒரு முடியைக்கூடப் பிடுங்காமல் இருந்ததுதான் இந்த முறை நான் செய்த பெரிய காரியம். லேசர் அறைக்குள் நடந்தது மொத்தமே பதினைந்து நிமிடம்.

எனக்குப் பிசிஓஎஸ் உண்டு, சினைப்பை நீர்க்கட்டி என்று சொல்வார்களே, அந்த ஹார்மோன் கோளாறு. இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகு தாடையிலும் கழுத்தோரத்திலும் முடி கறுப்பாக, தடித்து வர ஆரம்பித்தது. வாரம் ஒரு முறை நூல், நடுநடுவே கண்ணாடி முன் நின்று டிவீசர். யாராவது கிட்டே வந்து பேசினால் கை தானாகத் தாடைக்குப் போய்விடும். இந்தச் சங்கடம் உள்ளவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் மூன்று வார லீவில் வந்தபோது அவசரப்பட்டேன். வந்த மறுநாளே புருவத்தோடு தாடைக்கும் நூல் போட்டாயிற்று. பிள்ளைகளோடு திற்பரப்பு அருவி, சொத்தவிளை கடற்கரை என்று வெயிலில் சுற்றியாயிற்று. கடைசி வாரம் இன்னொரு முறை நூல் போட்டு, மூன்றாம் நாள் ஓர் அழகு நிலையத்தில் லேசருக்குப் போய் உட்கார்ந்தேன். என்ன மாத்திரை சாப்பிடுகிறேன், என்ன கிரீம் போடுகிறேன், முடியைக் கடைசியாக எப்போது எடுத்தேன், ஒன்றும் கேட்கவில்லை. எனக்கும் சொல்லத் தெரியவில்லை. அன்று இரவே இடது தாடையில் கொப்புளம். பொருக்கு உதிர்ந்த இடத்தில் மூன்று பழுப்புக் கறை. மங்குவதற்கு எட்டு மாதம் ஆனது. முடி பழையபடி வந்துவிட்டது.

அது ஏன் அப்படி ஆனது என்று இந்த முறை நாகர்கோவிலில் பார்த்த தோல் டாக்டர் ஒரு தாளில் படம் வரைந்து காட்டினார். லேசர் ஒளி தேடிப் போவது முடியில் இருக்கும் கறுப்பு நிறமியை, மெலனினை. நிறமி ஒளியை வாங்கிச் சூடாகும், அந்தச் சூடு வேரைச் சுடும். நூல் போட்டோ வேக்சிங் செய்தோ முடியை வேரோடு பிடுங்கிவிட்டால் உள்ளே ஒளியை வாங்க ஆளே இல்லை. ஆனால் தோலிலும் அதே மெலனின்தான் இருக்கிறது. வெயிலில் கறுத்த தோலில் இன்னும் கூடுதலாக இருக்கும். வேருக்குப் போக வேண்டிய சூடு தோலிலேயே நின்றுவிடும். என் தாடையில் நடந்தது அதுதான். நரைத்த முடிக்கு லேசர் பலிக்காததற்கும் இதுவே காரணம்.

மெஷினைப் பற்றியும் கேட்டேன். லேசரில் வகைகள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒளியின் அலைநீளம் வேறு: அலெக்ஸாண்ட்ரைட் 755 நானோமீட்டர், டயோடு 810 வாக்கில், என்டி யாக் 1064. அலைநீளம் கூடக் கூட ஒளி மேல்தோலின் நிறமியில் குறைவாகச் சிக்கி ஆழத்துக்குப் போகும். நம் ஊர் நிறத்துக்கு 1064 பாதுகாப்பு அதிகம். மெல்லிய முடிக்கு மட்டும் அதன் பலன் கொஞ்சம் குறைவு. என்ன மெஷின் என்று கேட்டால் பல இடங்களில் கம்பெனி பெயரைத்தான் சொல்கிறார்கள். அலைநீளம் எத்தனை என்று கேளுங்கள். கேட்ட கேள்விக்குப் பதில் வராத இடத்தில் முகத்தைக் கொடுக்காதீர்கள்.

பிடுங்கக் கூடாது, ஆனால் சவரம் செய்யலாம். செய்யவும் வேண்டும். லேசருக்கு முந்தின நாள் மழித்துவிட்டால் தோலுக்கு மேலே முடி இருக்காது, கீழே வேரோடு இருக்கும். மேலே நீட்டிக்கொண்டிருக்கும் முடி கருகினால் அந்தச் சூடு தோலில்தான் இறங்கும். முகத்துக்கென்றே சின்ன ரேசர் மெடிக்கலில் கிடைக்கிறது. கழுவிய முகத்தில் கற்றாழை ஜெல்லைத் தடவி, முடி வளரும் போக்கிலேயே மெல்ல இழுத்தேன். அம்மா குளியலறை வாசலில் நின்று பார்த்துவிட்டாள்.

"என்ன மக்ளே, ஆம்பளையள மாதிரி செரைக்கியே? இனி கட்டகட்டையாட்டு மொளைக்குமே!"

இந்தப் பயம் நம் எல்லோருக்கும் ஊட்டி வளர்த்த பயம். சவரம் செய்தால் முடி தடிக்காது. கூராக இருந்த நுனி வெட்டுப்பட்டு மொட்டையாக நிற்பதால் கைக்குச் சொரசொரப்பாகத் தெரியும், அவ்வளவுதான். அம்மா நம்பவில்லை. டாக்டர் வாயால் கேட்ட பிறகு ஒருவாறு சமாதானம் ஆனாள்.

ஜூலை 4 வெள்ளிக்கிழமை முதல் முறை போனேன். காலை பத்து மணிக்கு டோக்கன், உள்ளே போனது பன்னிரண்டே கால். டாக்டர் இருபது நிமிடம் பேசினார். மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா, தைராய்டு பார்த்ததுண்டா, பருவுக்கு மாத்திரை உண்டா, உதட்டோரம் அக்கிக் கொப்புளம் வந்ததுண்டா என்று எல்லாவற்றையும் கேட்டார். அக்கி வந்தவர்களுக்கு வாயைச் சுற்றி லேசர் செய்தால் அது திரும்பக் கிளம்பலாம், அதற்கு முன்கூட்டியே மாத்திரை தருவார்களாம். வெயிலில் தோலைக் கூச வைக்கும் டாக்ஸிசைக்ளின் போன்ற மாத்திரைகளையும் கட்டாயம் சொல்ல வேண்டும். இரவில் நான் போடும் ரெட்டினாய்டு (வைட்டமின் ஏ வகை) கிரீமை ஒரு வாரம் முன்னாலேயே நிறுத்தியிருந்தேன், அது நல்லது என்றார். ஹார்மோன் ரத்தப் பரிசோதனைக்கும் எழுதிக் கொடுத்தார். முடியை முழுக்க ஒழித்துவிடலாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. "குறைக்கலாம்மா. பிசிஓஎஸ் இருக்கிறவரைக்கும் புது முடி வரத்தான் செய்யும், வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு முறை வரணும்" என்றார். முகத்தில் சிலருக்கு லேசருக்குப் பிறகு பக்கத்துப் பூனைமுடி தடித்து வளருவதும் உண்டு என்று அவராகவே சொன்னார். அங்கேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. காதுக்குக் கீழே லேசரை மூன்று சொடுக்கு மட்டும் அடித்துப் பார்த்து, நான்கு நாள் கழித்து வரச் சொன்னார்.

ஒரு குறையும் சொல்லியாக வேண்டும். நிறைந்திருந்த வரவேற்பறையில், "முகத்து முடிக்கு லேசர் யாரு?" என்று ஒரு பெண் சத்தமாகக் கூப்பிட்டாள். எனக்கு முன்னால் பதினெட்டு, பத்தொன்பது வயதில் ஒரு பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு எழுந்து போனாள். அந்த முகம் இன்னும் மனதில் நிற்கிறது. டோக்கன் எண்ணைச் சொல்லிக் கூப்பிடலாமே. டாக்டரிடமே சொன்னேன். அடுத்த முறை போனபோது எண்ணைத்தான் கூப்பிட்டார்கள்.

ஜூலை 8, முதல் சிட்டிங். கண்ணுக்கு மூடி போட்டார்கள், அது இல்லாமல் யார் சொன்னாலும் படுக்காதீர்கள். குளிர்ந்த ஜெல், அப்புறம் சொடுக்குச் சொடுக்காக ஒளி. தாளிக்கும்போது கடுகு வெடித்துக் கையில் தெறிக்குமே, அப்படி ஒரு சுரீர். மேலுதட்டில் கண்ணில் நீர் வந்துவிட்டது. முடி கருகும் வாடை லேசாக வந்தது. முடித்து எழுந்து கண்ணாடியைப் பார்த்தால், ஒவ்வொரு முடிக்காலைச் சுற்றிலும் சின்னச் சின்னதாகத் தடித்து, குளிரில் சிலிர்த்த தோல் மாதிரி இருந்தது. இது நல்ல அறிகுறிதான், ஒன்றிரண்டு நாளில் அடங்கிவிடும் என்றார் டாக்டர். கொப்புளமோ பொருக்கோ வந்தால் உடனே வரச் சொன்னார். 2,500 ரூபாய் வாங்கினார்கள். ஆறு சிட்டிங்குக்கு மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்று கவுண்டரில் சொன்னார்கள். லீவில் வருகிறவர்கள் அதில் விழ வேண்டாம். அந்தந்த முறைக்குக் கட்டுவதே நமக்குச் சரி.

வீட்டில் பார்த்துக்கொண்டது இதைவிட முக்கியம். பிரிட்ஜில் வைத்த ஈரத் துணியைப் பத்துப் பத்து நிமிடம் ஒற்றினேன், ஐஸ் கட்டியை நேரடியாக வைக்கவில்லை. இரண்டு நாள் வெந்நீர்க் குளியல் இல்லை, வியர்க்க நடக்கவில்லை, அடுப்படிக்கும் போகவில்லை. மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும் அம்மா கையால். கஸ்தூரி மஞ்சளோடு வந்த அம்மாவிடம் இரண்டு வாரம் பொறுக்கச் சொன்னேன். மஞ்சளோ, தேங்காய் எண்ணெயோ, வாசனை சோப்போ, சூடுபட்ட தோலில் எதுவும் வேண்டாம். வாசனையில்லாத மாய்ஸ்சரைசர், அதன் மேல் எஸ்பிஎஃப் 50 சன்ஸ்கிரீன். முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம் பிதுக்க வேண்டும், வெளியே இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திரும்பப் போட வேண்டும். ஜூலையில் நம்ம ஊரில் சாரலும் மூடாப்பும்தானே என்று விட்டுவிடக் கூடாது. மேகத்தைத் தாண்டியும் புற ஊதாக் கதிர் வரும். வடசேரி சந்தைக்குப் போனால்கூடக் குடை பிடித்தேன்.

பத்தாம் நாள் வாக்கில் முடி திரும்ப முளைத்தது போலத் தெரியும். பதறிவிடாதீர்கள். அது வேர் சுட்ட முடி மேலே தள்ளப்படுவது. முகம் கழுவித் துண்டில் ஒற்றியபோது வெள்ளைத் துண்டில் கசகசா தூவினாற்போல் கறுப்புப் புள்ளிகள். துண்டை மடித்துப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனை வருடம் ஒவ்வொன்றாகப் பிடுங்கிய முடி, தானாக உதிர்ந்து கிடந்தது.

தேதிகளை ஊர்க் காரியங்களோடு பொருத்திக்கொண்டதில்தான் சூட்சுமம். ஆடி அமாவாசை இந்த முறை ஜூலை 24. அப்பாவுக்காகக் கன்னியாகுமரிக்குப் போய்க் கடலில் முழுக வேண்டும். முதல் சிட்டிங் முடிந்து பதினாறு நாள் ஆகியிருந்ததால் தோல் ஆறியிருந்தது, வெயில் ஏறும் முன்னே முழுகிவிட்டு வந்துவிட்டோம். ஐந்து வாரம் கழித்து ஆகஸ்ட் 12-ல் இரண்டாவது சிட்டிங். முடிகளெல்லாம் ஒரே நேரத்தில் வளர்வதில்லை, வளரும் பருவத்தில் உள்ளதைத்தான் லேசர் பிடிக்கும், அதனால்தான் இந்த இடைவெளி. ஆவணியில் தம்பி முறைப் பையனுக்குக் கல்யாணம் வைத்திருந்தார்கள். அடுத்த ஞாயிறே நாகராஜா கோவிலில் ஆவணி ஞாயிறு, பால் ஊற்ற வரிசை நீளும். விடியுமுன் போய்விட்டோம். கல்யாணத்துக்கு முன்னால் பிளீச்சும் பேஷியலும் செய்ய மைனி (மதினி) எவ்வளவோ வற்புறுத்தினாள். வேண்டாம் என்று நின்றேன். கல்யாணத்தன்று மேக்கப் மட்டும் போட்டேன், ஒன்றும் ஆகவில்லை.

மைனியின் மகள் விஷயம் வேறு. முகம் வெளுக்க என்று ஒரு மெடிக்கலில் சீட்டில்லாமல் கொடுத்த கிரீமை ஒன்றரை வருடமாகப் பூசுகிறாள். ட்யூபைத் திருப்பிப் பார்த்தால் ஸ்டீராய்டு. கன்னம் சிவந்து, தோல் மெலிந்து, கன்னம் முழுக்கப் பூனைமுடி. அந்த முடிக்கு லேசர் செய்யலாமா என்று என்னிடம் கேட்கிறாள்! முடியை வளர்ப்பதே அந்தக் கிரீம்தான். 2018-லேயே இப்படிப்பட்ட ஸ்டீராய்டு கிரீம்களை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று ஆக்கியாயிற்று, இன்றும் கேட்டால் எடுத்துக் கொடுக்கிறார்கள். அவளை ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் ஓபிக்குக் கூட்டிப் போனேன். திடீரென்று நிறுத்தினால் முகம் எரியும் என்பதால் எப்படிப் படிப்படியாக விடுவது என்று எழுதிக் கொடுத்தார்கள். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் தங்கைகளின் அலமாரியில் உள்ள ட்யூபுகளை ஒரு முறை எடுத்துப் படித்துப் பாருங்கள்.

கிளம்பும் முன் டாக்டரிடம் ஒரு சீட்டு கேட்டு வாங்கினேன். எந்த மெஷின், அலைநீளம், எத்தனை ஜூல், எத்தனை மில்லி செகண்டு, எந்த இடத்தில் தோல் எப்படி எடுத்தது, எல்லாம் அவர் கையெழுத்தில் இருக்கிறது. வேறு ஊரில் வேறு டாக்டர் தொடர்வதற்கு அது போதும். பாஸ்போர்ட் உறைக்குள் மடித்து வைத்திருக்கிறேன். மூன்றாவது சிட்டிங் செப்டம்பர் 16, மஸ்கட்டில். முந்தின நாள் இரவு ரேசர், அதுவரை நூல் கிடையாது.