சேஜ்மேத்தின் மேனிஃபோல்டு தொகுப்பு: ஈர்ப்புக்கு நேர்வழி, கேஜ் புலத்துக்குச் சுற்றுவழி

பொதுச் சார்பியலில் டென்சர் உறுப்புகளோடு மல்லுக்கட்டுபவர்களுக்கு, சேஜ்மேத் என்ற கணித மென்பொருளோடு இலவசமாக வரும் மேனிஃபோல்டு (வளைந்த வெளி) தொகுப்பைத் தயங்காமல் பரிந்துரைக்கலாம். ஒரு சார்ட் (ஆயத்தொகுதி) அமைத்து, தொலைவை அளக்கும் டென்சரான மெட்ரிக்கின் உறுப்புகளை நிரப்பினால் போதும், கிறிஸ்டோஃபெல் குறிகளும், வளைவைச் சொல்லும் ரீமன், ரிச்சி டென்சர்களும் கேட்டவுடன் கிடைக்கும். சமச்சீரால் பாதி உறுப்புகளைத் தானே நிரப்பிக்கொள்ளும். முதலில் சுழலாத கருந்துளையின் ஷ்வார்ஸ்சைல்டு மெட்ரிக்கைப் போட்டுப் பாருங்கள். ரிச்சி பூஜ்யமாக வரவேண்டும்.

பெரும்பாலான சிக்கல் சார்ட்டிலேயே தொடங்குகிறது. கோணம் 0 முதல் பை வரை என்று எல்லை சொல்லாவிட்டால், சைன் வர்க்கத்தின் வர்க்கமூலம் மட்டுக்குறியோடு நிற்கும். ஒரு ஃபார்மை அதன் நிரப்பு ஃபார்மாக மாற்றும் ஹாட்ஜ் டூவலில் மெட்ரிக் அணிக்கோவையின் வர்க்கமூலம் வருவதால், அங்கே விடை அலங்கோலமாகிவிடும். கருந்துளையின் நிறை நேர்மமானது என்பதையும் முன்பே அறிவித்துவிடுங்கள்.

டெட்ராட் (ஒவ்வொரு புள்ளியிலும் ஒன்றுக்கொன்று செங்குத்தான நான்கு அலகு வெக்டர்கள் கொண்ட சட்டகம்) பயன்படுத்துபவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். ஒரே பகுதியில் புதிய சட்டகத்தில் உறுப்புகளை ‘அமை’ (set_comp) என்ற கட்டளையால் கொடுத்தால், பழைய சட்டகத்தில் இருந்தவை அழிந்துவிடும். முரண்பாடு வராமலிருக்கச் செய்த ஏற்பாடு அது. இரண்டும் வேண்டுமென்றால் ‘சேர்’ (add_comp) கட்டளை இருக்கிறது, ஆனால் இரண்டும் பொருந்துகின்றனவா என்பது உங்கள் பொறுப்பு.

சுழலும் கருந்துளையின் கெர் மெட்ரிக்கில் நேரத்தைத் தின்பது வகையிடுவதல்ல, கோவைகளைச் சுருக்குவது. கணினியின் பல செயலிக் கருக்களில் இணையாக ஓடவிடுங்கள். அப்படியும் தேங்கினால் கணக்கு எஞ்சினை சிம்பை என்ற பைதான் நூலகத்துக்கு மாற்றிப் பார்க்கலாம், அல்லது உங்கள் கோவைக்கு ஏற்ற சுருக்கும் சார்பை நீங்களே எழுதிக் கொடுக்கலாம். இந்த நெகிழ்வு எனக்கு மிகவும் பிடித்தது.

கேஜ் புலங்களின் (மின்காந்தம் போன்ற விசைப் புலங்கள்) பக்கத்தில் மேக்ஸ்வெல் எளிது: 1-ஃபார்மாக மின்காந்தப் பொட்டென்ஷியலை எழுதி, புறவகையீடு எடுத்து, ஹாட்ஜ் டூவலை மறுபடி வகையிட்டால் முடிந்தது. மேக்ஸ்வெலைப் பொதுமைப்படுத்தும் யாங்-மில்ஸ் கோட்பாட்டுக்கு வெக்டர் பண்டில் (ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு வெக்டர் வெளி) வழியாகப் போகவேண்டும். கேஜ் குழு (சமச்சீர்க் குழு) எஸ்யூ(2) என்றால் தரம் 2 உள்ள சிக்கலெண் பண்டில் ஒன்றை எடுத்து, கப்ளிங் எண்ணையும் (விசையின் வலிமையைச் சொல்லும் எண்) உள்ளடக்கிய நான்கு 1-ஃபார்ம்களை 2×2 அணியாக, கனெக்‌ஷனாகக் கொடுங்கள். ஆப்புப் பெருக்கத்தோடு வளைவு 2-ஃபார்ம்களைத் தொகுப்பே கணக்கிட்டுவிடும். ஆனால் கேஜ் குழு எதுவென்று அதற்குத் தெரியாது. கனெக்‌ஷன் அணி எதிர்-ஹெர்மிட்டியனாகவும் தடம் (மூலைவிட்ட உறுப்புகளின் கூட்டுத்தொகை) பூஜ்யமாகவும் இருக்கிறதா என்று அது பார்ப்பதில்லை. வளைவின் இரு மூலைவிட்ட உறுப்புகளையும் கூட்டிப் பாருங்கள். பூஜ்யம் வராவிட்டால், கனெக்‌ஷனின் தடத்தில்தான் முதலில் தேடவேண்டும்.