உயரமான கட்டடங்களின் இணையப் பட்டியல்கள்: எந்த எண்ணை நம்பலாம்?

உயரமான கட்டடங்களை வரிசைப்படுத்தும் இணையத்தளங்களில் இரண்டு முதன்மையானவை. 1969-இல் தொடங்கப்பட்டு இப்போது சிகாகோவைத் தலைமையிடமாகக் கொண்டுள்ள, சி.டி.பி.யு.எச். (உயர் கட்டடங்கள், நகர்ப்புற வாழ்விட மன்றம்) என்று அறியப்பட்ட மன்றத்தின் 'ஸ்கைஸ்கிரேப்பர் சென்டர்' தரவுத்தளம் ஒன்று. பலரும் முதலில் திறந்து பார்க்கும் விக்கிப்பீடியாப் பட்டியல்கள் மற்றொன்று. புகழ்பெற்ற கட்டடங்களைப் பொறுத்தவரை இரண்டும் பெரும்பாலும் ஒரே எண்ணைத்தான் தருகின்றன. அந்த எண் எப்படி வந்தது என்று கேட்கும்போதே தர வேறுபாடு தெரியவருகிறது.

மன்றத்தின் பலம் அதன் வரையறை. திறந்தவெளியிலிருந்து மக்கள் நடந்து நுழையும் முக்கிய வாயில்களுள் மிகத் தாழ்வானதிலிருந்து அளவு தொடங்குகிறது. அங்கிருந்து கட்டடக்கலை உச்சி (ஊசிபோல் நீளும் முகட்டுக் கோபுரம் உட்பட, ஆன்டெனா நீங்கலாக) வரை, மக்கள் புழங்கும் கடைசித் தளம் வரை, ஆன்டெனா உள்ளிட்ட நுனி வரை என மூன்று உயரங்கள் தனித்தனியே தரப்படுகின்றன. தரவரிசை முதலாவதைக் கொண்டே அமைகிறது. புர்ஜ் கலீஃபாவின் பக்கத்தைத் திறந்தால் உச்சி 828 மீட்டர் என்றும், புழங்கும் கடைசித் தளம் ஏறத்தாழ 585 மீட்டர் என்றும் இருக்கும். இடைப்பட்ட 240 மீட்டருக்கு மேற்பட்ட பகுதியில் யாரும் குடியிருப்பதில்லை என்பதை ஒற்றை எண்ணை மட்டும் தரும் பட்டியல் ஒருபோதும் சொல்லாது.

இப்படி ஊசிக்கோபுரத்தைச் சேர்த்து ஆன்டெனாவை விலக்கும் விதி எல்லாருக்கும் ஏற்புடையதன்று. 1996-இல் ஊசிக்கோபுரத்தோடு 452 மீட்டர் கொண்ட பெட்ரோனாஸ் கோபுரங்கள், ஆன்டெனா சேர்க்காமல் 442 மீட்டர் கொண்ட சிகாகோவின் சியர்ஸ் கோபுரத்தை முந்தியதும், 2013-இல் நியூயார்க்கின் ஒன் வேர்ல்டு டிரேடு சென்டரின் கம்பம் ஊசிக்கோபுரமே என முடிவாகி அதன் உயரம் 541 மீட்டராக ஏற்கப்பட்டதும் இவ்விதியின்படிதான். இரண்டாவது முடிவு எனக்குச் சற்று நெருடலாகவே படுகிறது. ஆயினும் விதி எழுத்தில் இருப்பதால் அதை முன்வைத்து வாதிட முடிகிறது. பெரும்பாலான இணையத்தளங்கள் அந்த வாய்ப்பைக்கூட நமக்குத் தருவதில்லை. உயரத்தில் பாதியளவேனும் புழங்கும் தளங்களாக இருந்தால்தான் அது கட்டடம் என்ற விதியும் அப்படியே. 634 மீட்டர் டோக்கியோ ஸ்கைட்ரீயும், ஏறத்தாழ 350 மீட்டர் உயரமுள்ள கொழும்புத் தாமரைக் கோபுரமும் கட்டடப் பட்டியலில் இடம்பெறாததற்கு அதுவே காரணம்.

இத்தரவுத்தளத்தின் குறை, ஒவ்வோர் எண்ணும் எந்த வரைபடத்திலிருந்து பெறப்பட்டது என்று வாசகருக்குக் காட்டும் அடிக்குறிப்பு இல்லாததுதான். மன்றத்தின் உறுப்பினர்களுள் கட்டுமான நிறுவனங்களும் வடிவமைப்பு நிறுவனங்களும் உள்ள நிலையில் இதைச் சிறு குறையென்று ஒதுக்கிவிட இயலாது.

விக்கிப்பீடியாவில் அடிக்குறிப்புக்குப் பஞ்சமில்லை. அவற்றின் தரமே கேள்விக்குரியது. ஏராளமான வரிசைகளுக்கு ஆதாரமாக விளங்கிய எம்போரிஸ் என்ற கட்டடத் தரவு இணையத்தளம் 2022-இல் மூடப்பட்டபோது, அந்த இணைப்புகள் செயலிழந்தன. நகரவாரிப் பட்டியல்களில் மனை விற்பனை விளம்பரங்களே ஆதாரமாக நிற்பதைக் காணலாம். விக்கிப்பீடியாவைப் பார்த்து எழுதப்பட்ட செய்தியே அதற்குச் சான்றாகத் திரும்பி வரும் வேடிக்கையும் உண்டு. மும்பையின் வேர்ல்டு ஒன் 442 மீட்டராக அறிவிக்கப்பட்டு 280 மீட்டரில் முடிந்தது. அறிவிப்பு நாளின் செய்தியை மட்டும் சான்றாகக் கொண்ட பட்டியல் இன்றும் பழைய எண்ணையே சுமந்துகொண்டிருக்கும்.

தள எண்ணிக்கையைக் கொண்டு உயரத்தைக் கணிப்பது இன்னும் மோசம். நியூயார்க்கின் டிரம்ப் வேர்ல்டு டவரில் மேல்தளத்தின் எண் 90. உண்மையில் உள்ளவை 72 தளங்களே. தளத்துக்கு மூன்று மீட்டர் என்று பெருக்கிப்போட்டு, அதை அளந்த உயரம்போல எழுதும் பட்டியல்களை நான் ஆதாரமாகவே கொள்வதில்லை. கணிப்பு என்று வெளிப்படையாகக் குறித்திருந்தால் குறையில்லை.

முந்நூறு மீட்டருக்கு மேற்பட்ட, கட்டி முடிந்த கட்டடங்களுக்கு மன்றத்தின் தரவுத்தளத்தையே பரிந்துரைப்பேன். முடிவுற்றவை, கட்டுமானத்தில் உள்ளவை, நிறுத்திவைக்கப்பட்டவை என்று நிலைகளைப் பிரித்துக் காட்டுவது அதன் மற்றொரு சிறப்பு. 2018-இல் பணி நின்று 2025-இல் மீண்டும் தொடங்கிய ஜித்தா கோபுரத்தை, அதன் திட்டமிட்ட ஆயிரம் மீட்டரோடு புர்ஜ் கலீஃபாவுக்கு மேலே இப்போதே ஏற்றிவைத்திருக்கும் இணையத்தளங்கள் ஏதேனும் கண்ணில் பட்டால், அவற்றின் மற்ற எண்களைப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை.