ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் இரண்டு டேக் சேர்த்துத் தேடிப் பாருங்கள்

டேட்டாபேஸ் வேலை பார்ப்பதால் பல வருஷமாக, புரோகிராமர்கள் கேள்வி கேட்டு விடை பெறும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளத்தில்தான் கிடக்கிறேன், ஏஐ சாட்பாட்கள் வந்த பிறகும் அது மாறவில்லை. கூட வேலை பார்க்கிறவர்கள் நிறையப் பேர் தேடல் பெட்டியில் ஒரு முழு வாக்கியத்தை அடித்துவிட்டு, வருவதையெல்லாம் மேலிருந்து கீழே படித்துக்கொண்டிருப்பார்கள். அங்கே ஒவ்வொரு கேள்வியிலும் அது எதைப் பற்றியது என்று காட்டும் டேக்குகள் (குறிச்சொற்கள்) இருக்கும், அவற்றைச் சேர்த்துத் தேடினால் அந்த நேரம் மிச்சம்.

முறை சுலபம். டேக் பெயரை ஆங்கிலத்தில் சதுர அடைப்புக்குறிக்குள் அடிக்க வேண்டும். இரண்டை அடுத்தடுத்துப் போட்டால் இரண்டும் உள்ள கேள்விகள் மட்டும் வரும், நடுவில் 'ஆர்' (or) என்று போட்டால் ஏதாவது ஒன்று இருந்தாலே வந்துவிடும், டேக்குக்கு முன்னால் கழித்தல் குறி போட்டால் அது உள்ளவை விலகிவிடும்.

ஒரு உதாரணம். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் கடைசி ஆர்டர் எது என்று எடுக்க வேண்டும், ரிப்போர்ட் எழுதுகிற எல்லாருக்கும் அடிக்கடி வருகிற தேவை இது. இதற்கென்றே 'கிரேட்டஸ்ட்-என்-பெர்-குரூப்' (greatest-n-per-group) என்று ஒரு டேக் இருக்கிறது. அந்தப் பெயரை யாரும் யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது. ஓரளவு பொருந்துகிற ஒரு கேள்வியைத் திறந்து, அதன் அடியில் இருக்கும் டேக்குகளைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். நான் எப்போதும் அப்படித்தான் தேடலைத் தொடங்குகிறேன். இந்த டேக்கோடு, டேட்டாபேஸ்களுக்குப் பொதுவான மொழியான எஸ்கியூஎல்லின் டேக்கைச் சேர்த்தால் எல்லா டேட்டாபேஸுக்குமான விடைகளும் கலந்து வரும். மைஎஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸில் விண்டோ ஃபங்ஷன் (வரிசைகளைக் குழுவாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்குள்ளும் எண் போட்டுக் கணக்கிடும் வசதி) வந்ததே 2018-ல் வெளியான 8.0 பதிப்பில்தான், அதனால் அதற்கு முந்தைய விடைகளில் டேபிளை அதோடேயே ஜாயின் செய்வது, வேரியபிள் வைத்து எண்ணுவது என்று சுற்றுவழிகளாக இருக்கும். போஸ்ட்கிரஸ் என்ற இன்னொரு டேட்டாபேஸில் 2009-லேயே, 8.4 பதிப்பில், விண்டோ ஃபங்ஷன் வந்துவிட்டது, அதுபோக 'டிஸ்டிங்க்ட் ஆன்' என்ற அதன் சொந்த வசதியே இந்த வேலையைச் சுருக்கமாக முடித்துவிடும். எஸ்கியூஎல்லை எடுத்துவிட்டு போஸ்ட்கிரஸ் டேக்கைச் சேர்த்துப் பாருங்கள், நேராக அந்த விடைகளுக்கே போய்விடலாம்.

அதற்காக டேக்குகளை அடுக்கிக்கொண்டே போகாதீர்கள். ஒரு கேள்விக்கு அதிகபட்சம் 5 டேக்தான், அதையும் கேட்டவர் அவசரத்தில் போட்டிருப்பார், நாம் நான்கு கேட்டால் நல்ல கேள்விகள்கூடக் கழிந்துவிடும். இரண்டு டேக், மிச்சத்தைச் சாதாரணச் சொற்களாக. என் அனுபவத்தில் இந்த அளவு போதும். பைத்தான் மொழி விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும்: பைத்தான் என்று பொது டேக் ஒன்று, 3-ஆம் பதிப்புக்குத் தனி டேக் ஒன்று. சிலர் இரண்டாவதை மட்டும் போட்டுவிடுகிறார்கள், அங்கே 'ஆர்' கைகொடுக்கும். போஸ்ட்கிரஸ் என்று சுருக்கி அடித்தாலும் முழுப்பெயர் டேக்குக்கே கொண்டுபோகும், அதற்குக் கவலை வேண்டாம்.

அப்புறம் வாக்கு எண்ணிக்கை. 'ஸ்கோர்' என்று அடித்து, முக்காற்புள்ளி போட்டு, 3 என்று கொடுத்தால் (score:3) 3-க்கும் அதற்கு மேலும் வாக்கு வாங்கியவை மட்டும் வரும். ஏற்கப்பட்ட விடை என்று பச்சை டிக் இருப்பதைவிட இதைத்தான் நான் நம்புவேன், ஏனென்றால் அந்த டிக் கேள்வி கேட்ட ஒருவரின் முடிவு, வாக்கு பலர் படித்துப் பார்த்துப் போட்டது. புதிய பதிப்புகளைப் பற்றிய கேள்விகளுக்கு மட்டும் இந்த வடிகட்டியை எடுத்துவிடுவேன், அவற்றுக்கு வாக்கு சேர நாளாகும். இதே பாணியில் 'ஆன்சர்ஸ்' என்று அடித்து 0 கொடுத்தால் (answers:0) யாரும் பதில் சொல்லாத கேள்விகள் கிடைக்கும், விடை எழுதிப் பழக நினைப்பவர்களுக்கு அது நல்ல இடம்.

அடிக்கடி தேடுகிற ஜோடிகளை ஒவ்வொரு தடவையும் அடிக்க வேண்டியதில்லை. ஒரு டேக்கின் பக்கத்தைத் திறந்து, மேலே முகவரியில் அதன் பெயருக்குப் பின் கூட்டல் குறி போட்டு அடுத்த டேக்கை எழுதினால் இரண்டும் சேர்ந்த பக்கம் வந்துவிடும், அதை அப்படியே புக்மார்க்கில் போட்டுக்கொள்ளலாம்.