நாலு வருஷமாக ஒரு கியர் வீல்: கனமாக வைத்தால் நிஜமாகிவிடாது

என் அறையில் இருக்கும், டிரைவிங் கேம் ஓட்டுவதற்கான ஸ்டியரிங் வீலை 2021-இல் நாகர்கோவிலில் ஒருவரிடமிருந்து பழையதாக வாங்கினேன், 13,000 ரூபாய். உள்ளே பல்சக்கரம் வைத்து ஓடுகிற வகை, அதனால்தான் கியர் வீல் என்கிறேன்; 900 டிகிரி சுற்றும், மூன்று பெடல். எச் கியர், அதாவது நிஜ வண்டி மாதிரிக் கையால் போடுகிற கியர் கம்பு, பிறகு தனியாக வாங்கியது. பிராண்டைச் சொல்லப் போவதில்லை, ஏனென்றால் இந்த விலையில் வருகிற கியர் வீல் எல்லாம் ஏறக்குறைய ஒரே குணம்தான். இந்த வகையோடு நாலு வருஷம் இருந்தால் என்ன தெரியவரும் என்பதைத்தான் எழுதுகிறேன்.

முதல் ஆறு மாசம் நான் அதைத் தப்பாகவே வைத்திருந்தேன். ஃபோர்ஸ் ஃபீட்பேக் என்று ஒரு அளவு இருக்கிறது, வீலுக்குள் இருக்கும் மோட்டார் நம் கையை எவ்வளவு எதிர்த்து இழுக்க வேண்டும் என்பது, அதை வாங்கின அன்றே முழுசாக ஏற்றிவிட்டேன். ஸ்டியரிங் எவ்வளவு கனமோ அவ்வளவு நிஜம் என்று நினைப்பு. ஒரு மணி நேரம் அசெட்டோ கோர்ஸா என்கிற கார் ரேஸ் கேம் ஓட்டினால் தோள்பட்டை வலிக்கும், வண்டி எப்போது வழுக்கப் போகிறது என்று மட்டும் தெரியவே தெரியாது, திடீரென்று புல்லில் கிடப்பேன்.

அதைப் பிடித்துக் கொடுத்தவர் சித்தப்பா. கீரிப்பாறைப் பக்கம் ரப்பர் எஸ்டேட்டில் பல வருஷம் ஜீப் ஓட்டியவர், பவர் ஸ்டியரிங் இல்லாத பழைய ஜீப். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்து சும்மா உட்கார வைத்தேன். முன்சக்கரம் இழுக்கிற சின்ன அபார்த் 500 காரைக் கொடுத்தேன். முதல் வளைவிலேயே நேராகப் போய்விட்டார். இரண்டாவது தடவையும் அப்படியே. அப்புறம் வண்டியை நிறுத்திப்போட்டு, ஸ்டியரிங்கை ரெண்டு கையாலும் இடமும் வலமும் மெதுவாக ஆட்டிப் பார்த்தார், கண்ணை டிவியில் வைக்காமல் கையில் வைத்துக்கொண்டு. "மக்ளே, இதென்ன எப்பவும் ஒரே கனமா இருக்கு? முன் டயரு வழுக்கப் போச்சுன்னா ஸ்டியரிங்கு லேசா ஆகணும்லா. இது சொல்லவே மாட்டேங்குதே" என்றார்.

அவர் போன பிறகு உட்கார்ந்து தேடிப் படித்தேன். வளைவில் திரும்பும்போது டயர் தரையைத் தொடுகிற அந்தச் சின்னப் பரப்பில், பக்கவாட்டு விசை நடுவில் விழுவதில்லை, கொஞ்சம் பின்னால் தள்ளி விழுகிறது. அந்தக் கொஞ்ச தூரம்தான் ஸ்டியரிங்கை நேராக்க இழுக்கிறது. நாம் கையில் கனமாக உணர்வது பெரும்பாலும் அதைத்தான். வளைவை இன்னும் இறுக்கினால் அந்தப் பரப்பின் பின்பகுதி முதலில் நழுவ ஆரம்பிக்கும், தூரம் குறையும், இழுப்பும் குறையும். டயரின் பிடி முழுசாகப் போவதற்கு முன்னாலேயே ஸ்டியரிங் லேசாகிவிடுகிறது, அதாவது முன்கூட்டியே தகவல் வந்துவிடுகிறது. நல்ல டிரைவிங் கேம்கள் இந்தக் கணக்கைப் போட்டு வீலுக்கு அனுப்பிக்கொண்டேதான் இருக்கின்றன. கேட்க விடாமல் செய்தது நான்தான்.

எப்படியென்றால், இந்த மாதிரி வீலின் மோட்டாருக்கு சுமார் 2 நியூட்டன் மீட்டர்தான் சக்தி. கேம் அதற்கு மேல் கேட்டால், எவ்வளவு கேட்டாலும் அதே உச்சத்தில் நின்றுவிடும். கோயில் கொடைக்குக் கட்டுகிற குழாய் ஸ்பீக்கரை முழுசாகத் திருகிவிட்டால் பாட்டெல்லாம் ஒரே கரகரப்பாகிவிடுமே, அதேதான். இதைக் கிளிப்பிங் என்கிறார்கள். அசெட்டோ கோர்ஸாவில் திரையில் பெடல் காட்டுகிற சின்னப் பெட்டியிலேயே ஃபோர்ஸுக்கு ஒரு பட்டை உண்டு, கிளிப் ஆகும்போது சிவப்பாகும். எனக்கு எல்லா வளைவிலும் சிவப்பாகவே இருந்தது. ஃபோர்ஸைக் குறைத்துக் குறைத்து 65 சதவீதத்துக்குக் கொண்டுவந்தேன், காருக்குக் கார் கொஞ்சம் மாற்றுவேன். கியர் வீலில் நடுவில் ஒரு செத்த இடம் இருக்கும், சின்ன இழுப்பெல்லாம் அங்கே கையில் தெரியாது, அதற்கு மினிமம் ஃபோர்ஸ் என்கிற அளவைக் கொஞ்சம் ஏற்ற வேண்டும், ரொம்ப ஏற்றினால் நேர்ரோட்டில் கை நடுங்கும்.

அன்றைக்கு ராத்திரி ஜெர்மனியில் இருக்கும் நார்ட்ஷ்லைஃப என்கிற ரேஸ் பாதையைக் கேமில் ஓட்டியது இன்னும் ஞாபகம் இருக்கிறது. 20.8 கிலோமீட்டர், நம் கணக்குக்கு நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி போகிற தூரம், அவ்வளவும் வளைவு. ஸ்டியரிங் லேசாகும்போது ஆக்ஸிலேட்டரிலிருந்து காலைக் கொஞ்சம் எடுக்க, மறுபடி கனம் வந்து கையில் உட்காரும். முதல் தடவையாக ஒரு சுற்று முழுக்க ரோட்டிலேயே இருந்தேன்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். என் நிஜக் காரில் இவ்வளவு தெரியாது. எலெக்ட்ரிக் பவர் ஸ்டியரிங் ரோட்டின் பேச்சைப் பாதிக்கு மேல் அமுக்கிவிடுகிறது. பேச்சிப்பாறை போகிற வழியில் மழைக்குச் செம்மண் ஒழுகிவந்து கிடக்கும் வளைவுகளில் எனக்குத் தெரிவது சீட்டில் வருகிற அசைவுதான், கையில் ஒன்றும் வராது. வீலில் நேர் எதிர், சீட் அசையாது, எல்லாம் கை வழியாகத்தான் வர வேண்டும். அதனால் பின்சக்கரம் வழுக்குவது கொஞ்சம் தாமதமாகத்தான் தெரியும், ஸ்டியரிங் தானாக எதிர்ப்பக்கம் திரும்பப் பார்க்கும்போதுதான். கியர் வீல் அந்த இடத்தில் மெதுவு. டைரக்ட் டிரைவ், அதாவது பல்சக்கரம் இல்லாமல் மோட்டாரிலேயே நேராக மாட்டுகிற வீல், வைத்திருக்கும் நண்பர் வீட்டில் ஓட்டிப் பார்த்தேன், அதில் வீல் நம் கையைவிட முந்திக்கொண்டு திரும்புகிறது. சக்தி கூடுதல் என்பதைவிட இந்த வேகத்துக்குத்தான் காசு கொடுக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

பிரேக்குக்கு வருகிறேன். என் பெடல் எவ்வளவு தூரம் போனது என்பதைத்தான் அளக்கிறது, நிஜ வண்டியில் நம் கால் பழகியிருப்பது எவ்வளவு அழுத்தினோம் என்பதற்கு. அழுத்தத்தை அளக்கிற லோட் செல் பெடல் விலை அதிகம். நான் வீட்டில் கிடந்த ரப்பர் ஷீட்டில் ஒரு துண்டு வெட்டி, இறுக்கிச் சுருட்டி, பிரேக் பெடலுக்குப் பின்னால் வைத்தேன். பாதிக்கு மேல் அழுத்தினால் எதிர்த்து நிற்கும், கால் தானாக அளவு பிடித்துக்கொள்ளும். சில மாசத்தில் அமுங்கிவிடும், வேறு துண்டு வைக்க வேண்டியதுதான், இந்த ஊரில் அதற்குப் பஞ்சமா.

இரண்டாம் வருஷம் காலை எடுத்த பிறகும் பிரேக் 5 சதவீதம் அழுத்தியபடியே காட்டியது. நேர்ரோட்டில் வேகம் வரவில்லையே என்று ஒரு வாரம் காரைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். பெடல் எவ்வளவு தூரம் போனது என்று அளக்கிற, உள்ளே இருக்கும் பொட்டென்ஷியோமீட்டரில் தூசியும் ஈரமும். நமக்கு ரெண்டு மழைக்காலம், கடற்காற்று வேறு. காண்டாக்ட் கிளீனர் ஸ்பிரே அடித்து இருபது தடவை அமுக்கி விட்டதும் சரியாகிவிட்டது. இப்போது ஆறு மாசத்துக்கு ஒருமுறை செய்கிறேன், ஓட்டாதபோது ஒரு துணி போட்டு மூடி வைக்கிறேன்.

பிளாஸ்டிக் மேஜையில் மாட்டாதீர்கள், மேஜை ஆடினால் ரோடு சொல்வதெல்லாம் மேஜையிலேயே போய்விடும். எனக்கு ஆசாரி அண்ணன் ரப்பர் மரக்கட்டையில் ஒரு சட்டம் அடித்துக் கொடுத்தார், வீல், பெடல், நாற்காலி மூன்றும் ஒரே சட்டத்தில். எச் கியரை இடப்பக்கம் வைத்திருக்கிறேன். யூரோ டிரக் சிமுலேட்டர் 2-இல் வலப்பக்க ஸ்டியரிங் எடுத்து, பிரிட்டனில் இடப்பக்கமாக லாரி ஓட்டினால் கைக்கு நம்மூர்ப் பழக்கம் அப்படியே ஒத்துவருகிறது. மழை வேண்டுமென்றால் அசெட்டோ கோர்ஸாவில் இயல்பாகக் கிடையாது, அதன் அடுத்த கேமான கம்பெட்டிசியோனேயில் உண்டு, ஆனால் ரேஸ் கார்கள் மட்டும்தான்.

இந்த வகையில் மாற்ற முடியாத குறை சத்தம். கரடுமுரடான ரோட்டில் பல்சக்கரம் கடகடவென்று மிக்ஸி மாதிரிக் கத்தும், பக்கத்து அறை வரைக்கும் கேட்கும். தக்கலைப் பக்கம் இருக்கிற தெரிந்தவர்கள் யாராவது வாங்குவதற்கு முன் ஓட்டிப் பார்க்க நினைத்தால் தாராளமாக வாருங்கள், ராத்திரி ஒன்பது மணிக்குள் வந்துவிடுங்கள், அதற்கு மேல் அம்மா தூங்கிவிடுவார்.